விண்ணப்பம் கேட்கும் 36 மாதங்கள்



இன்று பட்டம் பெற்று, செயற்றிட்ட முகாமைத்துவத்தில் இறங்கப்போகும் உங்களில் பலர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: முதலில் பி.எம்.பி. சான்றிதழ்ப் பரீட்சையா, வேலையா? பதில் அந்தப் பரீட்சையின் விண்ணப்பத்திலேயே இருக்கிறது. அதை நடத்தும், 1969இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பி.எம்.ஐ. நிறுவனம், பட்டதாரி ஒருவர் 36 மாதங்கள் செயற்றிட்டங்களை முன்னின்று நடத்தியிருக்க வேண்டும் என்கிறது. கூடவே 35 மணிநேரப் படிப்பு. அனுபவமில்லாத புதியவருக்கு அவர்களே சி.ஏ.பி.எம். சான்றிதழை வைத்திருக்கிறார்கள், அதற்கு 23 மணிநேரப் படிப்புப் போதும். விரும்பினால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த சான்றிதழுக்கு ஓடாமல் வேலைக்குப் போங்கள்.

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஓர் ஒழுங்கையில் தொடர்மாடி எழும்புகிறது என்று வையுங்கள். கொங்கிரீட் லொறி எத்தனை மணிக்கு உள்ளே திரும்பலாம்? பைலிங் அதிர்வில் பக்கத்து வீட்டு மதில் வெடித்தால் அந்த வீட்டு அம்மாவோடு யார் போய்ப் பேசுவது? மே மாதத்து மழைக்கு முன் அத்திவாரக் குழி மூடப்படுமா? வெசாக்குக்கு ஊருக்குப் போகும் மேசன்மார் எப்போது திரும்புவார்கள்? ஆடிவேல் ரதம் வரும் நாளில் சீமெந்தை எந்த வழியால் இறக்குவது? புத்தகம் இவற்றுக்கெல்லாம் ‘இடர்’ என்று பெயர் வைக்கும். விடை அந்த ஒழுங்கையில்தான் கிடைக்கும். 2022இல் டொலர் தீர்ந்து, எரிபொருளுக்கு வரிசை நீண்டபோது, கணினியில் அழகாக வரைந்த கால அட்டவணைகள் எல்லாம் ஒரே வாரத்தில் பழசாகின. அன்று வேலையைக் காப்பாற்றியவர்கள், பொருள் தருபவரோடும் வீடு வாங்கியவரோடும் முகம் கொடுத்துப் பேசத் தெரிந்தவர்கள்.

ஆனால் அனுபவமே போதும் என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. கொட்டாஞ்சேனையில் இருபது வருடம் வேலைத்தளத்தை நடத்திய மேற்பார்வையாளர் டோகாவுக்குப் போனால், அவருடைய இருபது வருடத்தை அங்கே யாரால் வாசிக்க முடியும்? நம் நாட்டின் தேசியத் தொழிற்றகைமை (என்.வி.கியூ.) முறையில், முன்கற்றலை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் வழி இதற்காகவே இருக்கிறது. வகுப்பில் குந்தாமல், செய்த வேலையைக் காட்டித் தேசியத் தகைமை பெறலாம். உங்கள் தளத்திலுள்ள மேசனுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். அவருக்கு இது யாரும் சொல்லாத செய்தி.

அனுபவம், தகைமை இரண்டையும் சரியான வரிசையில் வைத்தவர் ஒருவர் நம் ஊரிலேயே இருந்தார். கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா சட்டம் படித்தவர். 1948இல் பெந்தோட்டைக்கு அருகே லுணுகங்கை தோட்டத்தை வாங்கி, மண்ணை வெட்டியும் மேட்டைச் சரித்தும் பார்த்தார். மனதில் உள்ளதைக் கட்டத் தேவையான தொழில்நுட்ப அறிவு தனக்குப் போதாது என்று அந்தத் தோட்டம் காட்டியது. கொழும்பில் ஒரு கட்டடக்கலை நிறுவனத்தில் பயிலுநராகச் சேர்ந்தார். பிறகுதான் லண்டனுக்குப் போய்ப் படித்து, 1957இல், 38 வயதில் தகைமை பெற்றார். ஜனாதிபதி ஜயவர்தன 1979இல் அவரிடம் ஒப்படைத்த நாடாளுமன்றம், கோட்டேச் சதுப்பு நிலத்தை ஏரியாக்கி அதன் நடுவே எழுந்து, 1982இல் திறக்கப்பட்டது. மூன்று வருடம்! அவரோடு பல வருடங்கள் பங்காளியாக நின்ற பொறியியலாளர் பூலோகசுந்தரத்தின் பெயரை நம் மாணவர்கள் அறியாமல் இருப்பது எனக்கு வருத்தம். கோடு போட்டவரை உலகம் அறியும். கணக்குப் பார்த்து அதை நிற்கவைத்தவரையும் தேடிப் படியுங்கள்.

வேலைக்குச் சேர்ந்ததும் ஒரு சின்னப் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். ஒரு மாடியின் குழாய் வேலை, லிஃப்ட் பொருத்தும் வேலை, எதுவானாலும் சரி. தொடக்கம் முதல் ஒப்படைக்கும் நாள் வரை அது உங்கள் கையில் இருக்கட்டும். உதவியாளராக நின்ற மாதங்களை மட்டும் வைத்து பி.எம்.பி. விண்ணப்பத்தில் ‘முன்னின்று நடத்தினேன்’ என்று எழுத முடியாது. நோக்கம், உங்கள் பங்கு, முடிவு எல்லாவற்றையும் அந்தந்த வாரமே எழுதி வையுங்கள். விண்ணப்பம் இவற்றைத்தான் கேட்கும். ஐந்து வருடம் கழித்து உட்கார்ந்து யோசித்தால் பாதி நினைவில் வராது.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். வேலை கிடைக்கும் வரை சும்மா இருக்கக் கூடாதென்று மூன்றாவது டிப்ளோமாவுக்குக் காசு கட்டாதீர்கள். சிறிய கம்பனி, குறைந்த சம்பளம் என்றாலும் பிள்ளை போகட்டும். குறிப்பாக உங்கள் மகள்மாரைப் பற்றிச் சொல்கிறேன். வகுப்புக்கு அனுப்பும் நீங்கள், புழுதியும் ஆண்களும் நிறைந்த வேலைத்தளத்துக்கு அனுப்பத் தயங்குகிறீர்கள். உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்த விண்ணப்பம் மகனிடம் கேட்கும் அதே 36 மாதங்களை மகளிடமும் கேட்கிறது. அவளையும் போக விடுங்கள்.