தாரா நலமாயிருக்கக் கோழி மடிவதேன்?

(ஹட்டன் பகுதிக் கமக்காரருக்கு விவசாயப் போதனாசிரியர் நிகழ்த்திய பேச்சு)



மரக்கறிப் பாத்திக்கு எருவும் வீட்டுக்கு முட்டையும் வேண்டி நீங்கள் கோழி வளர்க்கின்றீர்கள். வயலுள்ளோர் தாராவும் வளர்ப்பதுண்டு. இராணிக்கெட் நோய் புகுந்தால் கோழிகள் மூச்சுத் திணறி, பச்சையாய்க் கழிந்து, கழுத்துத் திருகி மடிகின்றன. அதே முற்றத்துத் தாராக்களோ பெரும்பாலும் ஒன்றும் நேராதனபோல் திரிகின்றன. இதனால் அவற்றிடம் நோயில்லை என்று கொள்ளற்க. அவை கிருமியைச் சுமந்து எச்சத்தோடு வெளியிடக்கூடும்.

இந்நோயை உண்டாக்குவது ஒரு வைரசு. அது உயிரணுவினுள் நுழையுமுன், அவ்வணுவின் மேற்புறத்திலுள்ள சியாலிக் அமிலம் என்னும் சீனிவகைப் பொருளைப் பற்றிக்கொள்ளும். குருதிச் செவ்வணுக்களின் மேலும் இப்பொருள் உண்டு. கழுவிய கோழிச் செவ்வணுக்களோடு வைரசைச் சேர்த்தால் அணுக்கள் பிணைந்து வலைபோற் பரவி நிற்கும். வைரசு இல்லையேல் அடியில் பொத்தான்போல் திரளும். 1941-இல் அமெரிக்கரான ஜோர்ஜ் ஹேர்ஸ்ற் இன்புளுவென்சா வைரசில் கண்ட இவ்விந்தையே இன்றும் சோதனைச்சாலையில் பயன்படுகின்றது. தடுப்பூசி பலித்த கோழியின் குருதித் தெளிநீரைச் சேர்த்தால் இப்பிணைப்பு நிகழாது. ஊசி பலித்ததா என்பதை அறிவது இவ்வாறே.

ஆனால் எல்லாப் பறவைகளின் அணுக்களிலும் இச்சீனி ஒரே விதமாய் அமைந்ததில்லை. அடுத்துள்ள சீனியோடு அது இணையும் முறைகளுள் முக்கியமானவை இரண்டு. அவற்றின் அளவு இனத்துக்கு இனம் மாறும். மனிதரைத் தாக்கும் இன்புளுவென்சாவில் ஒருவகை 1990-களில் கோழியணுவைப் பற்றும் ஆற்றலை இழந்தது, வான்கோழியணுவையோ பற்றியது. ஆய்வாளர் வான்கோழியின் குருதியை நாட நேர்ந்தது! தாராவின் குடலில் பறவைக் காய்ச்சல் வைரசு விரும்பும் இணைப்பே மிகுதி. ஆகவே அங்கே அது நன்கு பெருகும். தாரா பிழைப்பதற்குச் சீனி மட்டும் காரணமன்று, அதன் உடலின் எதிர்ப்புச் சக்தியும் வேறு. அச்சக்தியும் எப்போதும் போதாது. 2014 நவம்பரில் கேரளத்துக் குட்டநாட்டில் பறவைக் காய்ச்சலால் தாராக்களே பெருந்தொகையாய் மடிந்தன.

மிருக வைத்தியர் குருதி எடுக்கும்போது எது தாராவினது, எது கோழியினது என்று குப்பியில் குறிக்கச் சொல்லுங்கள். இதைச் சிறு காரியமென எண்ணற்க. தாராவின் தெளிநீர், வைரசு இன்றியே கோழியணுக்களைச் சிலவேளை ஒட்டச்செய்யும். அதனைச் சோதனைக்கு முன் நீக்கவேண்டும். குறியில்லாக் குப்பியால் விடை பிழைக்கும்.

தாராவையும் கோழியையும் வெவ்வேறு கூட்டில் அடையுங்கள். தண்ணீர்த் தொட்டியும் வேறாயிருக்கட்டும். சந்தையில் வாங்கிய பறவையை மூன்று வாரம் தனியே வையுங்கள். நலமாயுள்ள கோழிகளுக்கே, வைத்தியர் சொல்லும் காலத்தில், தடுப்பூசி போடுவியுங்கள். நோய் கண்ட பின் ஓடித் திரிவதில் பயனில்லை. நம் மலைநாட்டுக் குளிரிலும் ஈரத்திலும் கிருமி நெடுநாள் தங்கும். ஆதலால் பச்சையெருவைக் கோவாவுக்கும் லீக்சுக்கும் நேரே இடாது, குவித்து மூடி நன்கு மக்கிய பின்னரே பாத்திக்குக் கொண்டுசெல்லுங்கள்.