குறைத்து நிறுக்கப்படும் கண்டற் காடு



அளவையிலும் நிறுவையிலும் குறைவு செய்வோரை எச்சரித்தே அல்குர்ஆனின் 83ஆவது அத்தியாயம் தொடங்குகின்றது. தராசு கடையில் மட்டும் இருப்பதன்று. ஒரு நிலத்தின் பெறுமதியை மதிப்பிடும்போதும் நாம் நிறுக்கவே செய்கின்றோம்.

நமது புத்தளம் களப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1980களிலிருந்து அதன் கரையோரக் கண்டற் காடுகளில் ஒரு பகுதி அழிக்கப்பட்டு, இறால் பண்ணைகள் அமைக்கப்பட்டன. ஏற்றுமதியால் பணமும் வந்தது. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியது. பல குளங்கள் கைவிடப்பட்டன. கண்டல் நின்ற சேற்றைத் தோண்டினால், அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் காற்றுப்பட்டு அமிலமாகின்றன. ஆதலால் கைவிட்ட குளத்தில் காடு எளிதில் மீள்வதில்லை.

இத்தகைய பண்ணையின் இலாபம் உண்மையில் எவ்வளவு? இதே அனுபவத்தைக் கண்ட தாய்லாந்தைப் பற்றிப் பொருளியலறிஞர் எட்வர்ட் பார்பியர் ஆராய்ந்துள்ளார். 1996ஆம் ஆண்டின் விலைப்படி, ஒரு ஹெக்டேயர் பண்ணை உரிமையாளருக்குத் தருவது சுமார் 9,600 டொலர். அதில் சுமார் 8,400 டொலர் அரசாங்க மானியம். மானியத்தைக் கழித்தால் எஞ்சுவது ஏறத்தாழ 1,200 டொலர்தான். கழிவுநீரால் விளையும் சேதத்தையும் கழித்தால் அதுவும் பெரும்பாலும் கரைந்துவிடுகின்றது. அழிந்த காட்டை மீள உருவாக்கவோ சுமார் 9,300 டொலர் வேண்டும்.

காட்டை அப்படியே விட்டிருந்தால்? விறகு முதலியவற்றாலும், வேர்களிடையே வளரும் மீன் குஞ்சுகளாலும் கிடைப்பது சுமார் 1,570 டொலர். புயலிலிருந்து கரையைக் காப்பதன் பெறுமதி சுமார் 10,800 டொலர். இப்பாதுகாப்பைக் கணக்கில் சேர்க்காவிடினும் காட்டின் தட்டே தாழ்கின்றது.

பின்னர் ஏன் காடு மலிவாகத் தெரிகின்றது? பண்ணையின் வருமானம் ஒருவரது கணக்கில் எழுதப்படுகின்றது. காட்டின் வருமானமோ வலை வீசும் நூறு குடும்பங்களுக்குச் சிறிது சிறிதாகச் சென்று, எவரது ஏட்டிலும் பதியப்படுவதில்லை.

சகோதரர்களே, இறால் வளர்ப்பு ஆகுமான தொழிலே. அதனை ஏற்ற நிலத்தில் செய்வதில் தடையில்லை. ஆயினும் களப்போரக் காணியைப் பண்ணைக்குக் கொடுக்கக் கையொப்பமிடுமுன், அங்கே கரைவலைக்காரருக்கும் நண்டு பிடிப்போருக்கும் உள்ள பங்கை யார் ஈடுசெய்வார் என்று கேளுங்கள். விடை கிடைக்கவில்லையெனில், அந்த இலாபம் பிறர் ஹக்கிலிருந்து குறைத்து நிறுத்த இலாபமாகும். கண்டற் காடு நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்; அதனைக் குறையாமல் நிறுப்போமாக.