சட்டம் இடம் தந்தது. ஆசிரியரை யார் தருவது?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் பாரிட் புந்தாரைச் சேர்ந்த பேச்சாளர் ஆற்றிய உரை)



பூர்வக்குடி மக்களின் வாழ்வும் பண்பாடும் தழைக்க உயர்கல்வி என்ன செய்ய முடியும் என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. நான் பாரிட் புந்தார்க்காரன். எங்கள் ஊரில் கிரியான் ஆற்றைக் கடந்தால் நிபோங் திபால். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் 2001ஆம் ஆண்டில் துரோனோவிலிருந்து அங்கே இடம் மாறி வந்தது. பல்கலைக்கழகம் அவ்வளவு அருகில். ஆனால் இதே பேராக் மாநிலத்தின் மலைப்பகுதிகளில் வாழும் செமாய், தெமியார், ஜஹாய் மக்களுக்குப் பல்கலைக்கழகம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? நான் கிலோமீட்டர் கணக்கைக் கேட்கவில்லை.

தீபகற்ப மலேசியாவில் பூர்வக்குடியினர் 18 இனக்குழுவினர். மொத்தம் சுமார் 2 இலட்சம் பேர். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையோரத்தில் பெத்தாயும் டுரியானும் விற்பவர்களாகத்தான் நம்மில் பலர் அவர்களைப் பார்த்திருக்கிறோம். அவர்களுக்கென்று மொழி உண்டு, பாட்டு உண்டு, காட்டைப் பற்றிய அறிவு உண்டு என்பதை நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

2015ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நடந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கிளந்தான், குவா மூசாங் உட்பகுதியில் பள்ளி விடுதியில் தங்கிப் படித்த தெமியார் குழந்தைகள் ஏழு பேர், ஆற்றில் குளித்ததற்குத் தண்டனை கிடைக்கும் என்று அஞ்சிக் காட்டுக்குள் ஓடினார்கள். ஆறு வாரங்களுக்கு மேல் கழித்து இரண்டு சிறுமிகள் மட்டுமே உயிருடன் மீட்கப்பட்டார்கள். ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு ஆற்றில் இறங்குவது குற்றமாகிப் போன இடம் அது. அந்தப் பிள்ளைகளின் மொழியில் "பயப்படாதே" என்று சொல்லக்கூடிய ஆசிரியர் எத்தனை பேரை நாம் உருவாக்கியிருக்கிறோம்? அன்று முதல் என்னை உறுத்தும் கேள்வி இது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், தேசியப் பள்ளியில் 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் சீன மொழியோ தமிழோ கற்பிக்க வசதி செய்ய வேண்டும் என்கிறது. பூர்வக்குடி மொழிகளுக்கும் அதே 15 பேர் கணக்குத்தான். ஆனால் அங்கே மட்டும் கூடுதலாக ஒரு நிபந்தனை: அது நியாயமானதாகவும் நடைமுறைக்கு இயலக்கூடியதாகவும் இருக்க வேண்டுமாம். பயிற்சி பெற்ற ஆசிரியரும் பாடநூலும் இல்லையென்றால் எப்படி இயலும்? செமாய் மொழி 1990களின் பிற்பகுதியிலிருந்து சில தொடக்கப்பள்ளிகளில் பாடமாக இடம்பெற்றது. மற்றப் பெரும்பாலான மொழிகளுக்கு அந்த வாய்ப்புக்கூட அமையவில்லை. இயலாததை இயலச் செய்வதுதான் உயர்கல்வியின் வேலை என்பது என் வாதம்.

இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் பேராக் மாநிலத்தின் தஞ்சோங் மாலிமில் 1922ஆம் ஆண்டில் சுல்தான் இட்ரிஸ் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1924இல் மலாய் மொழிபெயர்ப்பு அலுவலகமும் அங்கே வந்தது. அறிஞர் ஸாபா அங்கிருந்துதான் மலாய் இலக்கணத்துக்கும் பாடநூல்களுக்கும் உழைத்தார். கிராமத்துப் பிள்ளைகள் ஆசிரியர்களாகி ஊர் திரும்பினார்கள். ஒரு மொழி நிமிர்ந்து நின்றது. அந்தக் கல்லூரி 1997இல் பல்கலைக்கழகமாகவும் உயர்ந்தது.

நம் கதையும் அதுதானே! மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956ஆம் ஆண்டில், அப்போது சிங்கப்பூரில் இருந்த வளாகத்தில், உருவானது. அதில் முதலிடம் சமஸ்கிருதத்துக்கா தமிழுக்கா என்ற கேள்வி எழுந்தபோது, தமிழ் முரசு ஆசிரியர் கோ.சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைத் திரட்டினார். பால்மரம் சீவிய கைகளும் சில்லறை கொடுத்தன. பல்கலைக்கழக வாசலை மிதித்தறியாதவர்கள் பல்கலைக்கழகத்தில் தங்கள் மொழிக்கு இடம் கேட்டார்கள். பின்னர் அத்துறை கோலாலம்பூருக்கு வந்தது. தனிநாயக அடிகளார் அதற்குத் தலைமை ஏற்றார். 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு இதே மண்ணில் நடந்தது. அத்துறையில் படித்தவர்கள் ஆசிரியர்களாக, விரிவுரையாளர்களாக, எழுத்தாளர்களாக வந்தார்கள். நாம் பெற்ற பயனை நம் அண்டை வீட்டார் பெற வேண்டாமா?

பல்கலைக்கழகங்கள் பூர்வக்குடிகளைக் கண்டுகொள்ளவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1960களிலிருந்தே ஆய்வாளர்கள் அவர்களிடையே தங்கி ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் நூல்களில் பல ஆங்கிலத்தில் வெளிநாட்டில் வெளிவந்தன. கதை சொன்ன பாட்டியின் பேத்திக்கு அந்த நூல் கைக்கு எட்டியதா?

நிலைமை மாறவும் செய்கிறது. செமாய் இனத்தவரான ஜூலி எடோ, பேராக் செமாய் மக்களின் நில உரிமையை ஆராய்ந்து 1998இல் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்; மலாயாப் பல்கலைக்கழகத்தில் மானுடவியல் கற்பித்தார். 2002இல் சாகோங் தாசி வழக்கில் ஷா ஆலம் உயர்நீதிமன்றம், தெமுவான் மக்களின் மரபுவழி நில உரிமையை ஏற்றுக்கொண்டது. வாய்வழி வரலாறும் சாட்சியமாகலாம் என்று அத்தீர்ப்பு கூறியது. ஆகவே, முதியவர் சொல்வதை முறையாகப் பதிவு செய்வது வெறும் ஏட்டு ஆராய்ச்சி அல்ல. ஒரு கிராமத்தின் நிலமே அதைச் சார்ந்திருக்கலாம்.

ஹவாய்த் தீவுகளைப் பாருங்கள். 1896இல் அங்கே பள்ளிகளின் பயிற்றுமொழி ஆங்கிலம் என்று சட்டம் வந்தது. தாய்மொழி பேசும் குழந்தைகள் அருகிப் போனார்கள். 1984இல் பெற்றோர் தாய்மொழிப் பாலர் பள்ளி தொடங்கினார்கள். ஹிலோவில் உள்ள பல்கலைக்கழகம் அவர்களுக்குத் துணை நின்று, இன்று ஆசிரியர் பயிற்சி முதல் முனைவர் பட்டம் வரை அம்மொழியிலேயே வழங்குகிறது.

என் வேண்டுகோள் மூன்றுதான். ஆசிரியர் கல்வி நிறுவனங்களில் செமாய், தெமியார் போன்ற மொழிகளுக்கு நிலையான பயிற்சி வேண்டும். அம்மொழி பேசும் இளைஞர்களுக்கு அதில் இடமும் உதவித்தொகையும் வேண்டும். ஆய்வாளர்கள் சேகரித்த பாட்டும் கதையும் படியெடுக்கப்பட்டு அந்தந்தக் கிராமத்துக்குத் திரும்ப வேண்டும். மரபறிந்த முதியவர்களைத் தகவல் தருபவர்களாக மட்டும் கருதாமல், ஊதியம் பெறும் ஆசான்களாக வகுப்பறைக்கு அழைக்க வேண்டும்.

தமிழ்ப்பள்ளிக்காகக் குரல் கொடுக்கும் நாம், இதற்காகவும் ஒரு வார்த்தை பேசுவோம். அன்று நம் பாட்டன் கொடுத்த காசு தமிழுக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். உழைக்கும் மக்களின் மொழிக்கும் பல்கலைக்கழகத்தில் நாற்காலி உண்டு என்று அவர் காட்டினார். அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொன்றைப் போடச் சொல்லிக் கேட்பதும் நம் கடமை.