கறளும் மருந்தும்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியான மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



வைத்தியர் வந்தால் நீரிழிவு, டெங்கு என்று பேசுவார் என எண்ணியிருப்பீர்கள். நாம் எடுத்துக்கொண்டது இரும்புக் கறள். ஆனையிறவு உப்பிலிருந்து குளோரினும் எரிசோடாவும் செய்த பரந்தன் தொழிற்சாலையை அறிந்த மண்ணில் இரசாயனம் பேசக் கூச்சமில்லை.

காபன் உருக்கில் படிந்த கறளை நீக்க, தொழிற்சாலைகளில் அதை ஐதரோகுளோரிக் அமிலத்தில் தோய்ப்பார்கள். கறள் போனதோடு அமிலம் நிற்பதில்லை. நல்ல உருக்கையும் அரிக்கும், ஐதரசன் குமிழிகள் எழும். அதைத் தடுக்க அமிலத்தில் ஒரு தடுப்பியைச் சிறிதளவு கலப்பார்கள். தடுப்பி மூலக்கூறிலுள்ள நைதரசன், கந்தகம், ஒட்சிசன் அணுக்கள் தமது தனிச்சோடி இலத்திரன்களால் உருக்கின் மேற்பரப்பைப் பற்றிக்கொண்டு மெல்லிய போர்வையாகப் படியும்.

அமொக்சிசிலின், செபலெக்சின் போன்ற மருந்துகளிலும் இதே அணுக்கள்தான். ஆகவே எகிப்திலும் இந்தியாவிலும் பிற நாடுகளிலும் ஆய்வாளர்கள் மருந்துகளை, குறிப்பாகக் காலாவதியானவற்றை, அமிலத்தில் இட்டு உருக்கின் நிறையிழப்பை அளந்து வருகிறார்கள். பல மருந்துகள் நன்றாகவே காக்கின்றன. இவற்றுள் மூத்தது ஹெக்சமீன். சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கப்படும் இந்த மருந்து, அமிலச் சிறுநீரில் உடைந்து போமல்டிகைட்டை வெளிவிட்டுப் பற்றீரியாவைக் கொல்லும். அதே ஹெக்சமீன் இரும்பு தோய்க்கும் அமிலத்திலும் நெடுங்காலமாகத் தடுப்பியாக உள்ளது.

ஆயினும் எமக்கு ஒரு தயக்கம். போர்க்காலத்திலும் 2022 நெருக்கடியிலும் மருந்துக்கு அலைந்தவர்கள் நாம். இரும்புக்கென்று நல்ல மருந்தை எடுக்க மனம் ஒப்பாது. “காலாவதியானதுதானே” என்பீர்கள். திகதி முடிந்ததால் மட்டும் மருந்து செத்துவிடுவதில்லை. அமெரிக்க இராணுவக் களஞ்சியங்களிலிருந்த 122 வகை மருந்துகளைச் சோதித்து 2006 இல் வெளியான ஆய்வில், 100 தொகுதிக்கு 88 குறைந்தது இன்னும் ஓராண்டு தரம் குன்றாதிருந்தன. (அவை முறையாகப் பேணப்பட்டவை. எங்கள் வெயிலில் அலுமாரி மேல் கிடந்ததை யாரும் விழுங்க வேண்டாம்!) அப்படி உயிருள்ள நுண்ணுயிர்க்கொல்லி கலந்த அமிலக் கழிவு எங்கே போகும்? வாய்க்காலிலும் மண்ணிலும் சேர்ந்தால், அம்மருந்துக்கு அசையாத பற்றீரியா அங்கே வளரும். கிணற்றுத் தண்ணீர் குடிக்கும் ஊர் எங்களுடையது. வார்ட்டில் ஒரு மருந்தும் கேளாத தொற்றைப் பார்க்கும்போது இந்தக் கணக்கு எமக்குப் பெரிதாகத் தெரிகிறது. தடுப்பிக்கு வேறு பொருள் கிடைக்கும். அந்த நோயாளிக்கு வேறு மருந்து கிடைக்காது. மிஞ்சிய குளிசைகளை மருந்தாளரிடமே கேட்டு அகற்றுங்கள், கிணற்றடியில் கொட்ட வேண்டாம்.

உயர்தரத் தங்கைமாருக்கு ஒரு வேலை. வேப்பிலைச் சாறும் அமிலத்தில் இரும்பைக் காக்கும் என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒரே நிறையுள்ள இரண்டு ஆணிகளை எடுத்து, ஆசிரியர் முன்னிலையில், ஒன்றை ஐதான அமிலத்திலும் மற்றதைச் சாறு கலந்த அமிலத்திலும் மூன்று மணிநேரம் இடுங்கள். கழுவி, உலர்த்தி, நிறுங்கள். சாறில்லாத ஆணியின் இழப்பிலிருந்து மற்றதன் இழப்பைக் கழித்து, முதல் இழப்பால் வகுத்து, 100 ஆல் பெருக்கினால் தடுப்பியின் வினைத்திறன் வரும். மில்லிகிராம் காட்டும் தராசு வேண்டும். அதை எமது வகுப்புத் தோழியர் சேர்ந்து அடுத்த தவணைக்குள் வாங்கித் தருகிறோம்.