நீலத்திரையும் நாற்பது பக்க நோட்டும்

(வட்டார வள மையத்தில் நடைபெற்ற ஆசிரியர் பயிற்சியின் இரண்டாம் நாளில் ஆற்றிய உரை)

நான் கணினி ஆசிரியர் அல்ல. ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுப்பவன். 'வீட்டுக் கணினி அடிக்கடி நின்று போகிறது சார், என்ன செய்யலாம்?' என்று நேற்று உணவு இடைவேளையில் மூன்று பேர் கேட்டீர்கள். அதனால் இந்த நேரத்தை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது என் வீட்டில் நடந்த ஒன்றுதான். அதைச் சொல்கிறேன்.

என் மேசைக் கணினி வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. விண்டோஸ் 10. உள்ளே 4 ஜிபி ரேம் துண்டுகள் இரண்டு. அரையாண்டுத் தேர்வு நேரத்தில் தொல்லை ஆரம்பித்தது. வினாத்தாளுக்குப் படம் வரைந்துகொண்டிருப்பேன். திடீரென்று நீலத்திரை வரும், அதில் ஒரு சோக முகம், பிறகு கணினி தானாகவே மறுபடி தொடங்கும். முதல் வாரம் இரண்டு முறை. அடுத்த வாரம் ஒரே மாலையில் மூன்று முறை.

நான் முதலில் செய்தது மகனைத் திட்டியது. பிளஸ் ஒன் படிக்கிறான். "கண்ட கேமையும் ஏத்தி வச்சா இப்படித்தான் ஆகும்" என்றேன். "நான் தொடவே இல்லப்பா" என்றான். நம்பவில்லை. பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன்.

அடுத்து, கணினி பழுது பார்க்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "வைரஸா இருக்கும் சார். ஃபார்மட் பண்ணிடலாம். சி டிரைவ் மட்டும்தான். டி-ல இருக்கிறது அப்படியே இருக்கும்" என்றார். தலையாட்டினேன். டெஸ்க்டாப்பில் நாம் வைக்கும் கோப்புகள், நாமாக இடம் மாற்றியிருந்தால் தவிர, சி டிரைவில்தான் இருக்கின்றன என்பது எனக்கு அப்போது தெரியாது. ஆறு ஆண்டுகளாகச் சேர்த்த என் வினா வங்கி டெஸ்க்டாப்பில் இருந்தது. கண்ணெதிரே இருப்பதால் பத்திரம் என்று நினைத்திருந்தேன். அத்தனையும் போயிற்று. சக ஆசிரியர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தவை மட்டும் திரும்பக் கிடைத்தன, பாதிகூட இருக்காது. கணினி வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் மறுபடியும் அதே நீலத்திரை.

அன்று இரவு எனக்கே வெட்கமாக இருந்தது. ஒரு சோதனையில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மற்றவற்றை அப்படியே வைக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்கிறேன். வீட்டில் ஒன்றையும் கவனிக்காமல் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

மறுநாள் ஒரு நாற்பது பக்க நோட்டு எடுத்தேன். தேதி, நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன், திரையில் என்ன எழுதியிருந்தது, இவ்வளவுதான் எழுதினேன். நீலத்திரையின் கீழே 'ஸ்டாப் கோடு' என்று ஒன்று இருக்கும். படிப்பதற்குள் மறைந்துவிடும். அதைத் தடுக்கலாம். சிஸ்டம் அமைப்பில் 'அட்வான்ஸ்டு' பக்கத்தில், 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி' என்பதன் கீழ், தானாக மறுதொடக்கம் ஆவதற்கான டிக்கை எடுத்துவிட்டால் திரை அப்படியே நிற்கும். கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். எடுத்தேன். முதல் நாள் 'மெமரி மேனேஜ்மென்ட்'. அடுத்து 'பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்ட் ஏரியா'. பிறகு வேறொன்று. ஒரே குறியீடு, ஒரே கோப்பின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு டிரைவரைச் சந்தேகிக்கலாம். ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வந்தால் ரேமைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு வசதியும் விண்டோஸிலேயே இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' என்று தட்டினால் நாள்வாரியாக ஒரு வரைபடம் வரும். கணினி விழுந்த நாள்களில் சிவப்புக் குறி இருக்கும். அதை என் நோட்டோடு ஒப்பிட்டேன். மகன் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் போயிருந்த ஏழு நாளில் நான்கு சிவப்புக் குறிகள். அவன் ஊரிலேயே இல்லை.

நண்பர் ஒருவர் 'ஈவென்ட் வியூவ'ரைத் திறந்து, "கெர்னல் பவர் 41 என்று இருக்கிறது, பவர் சப்ளைதான், மாற்றிவிடு" என்றார். இதில் பலர் ஏமாறுகிறார்கள். முறையாக நிறுத்தப்படாமல் கணினி மறுபடி தொடங்கியது என்பதைத்தான் அந்த 41 சொல்கிறது. ஏன் நின்றது என்று சொல்வதில்லை. மின்சாரம் போனாலும் 41, நீலத்திரை வந்தாலும் 41. நல்லவேளையாக நான் வாங்கவில்லை.

பிறகு பெட்டியைத் திறந்தேன். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்து, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்ட பிறகுதான் உள்ளே கை வைக்க வேண்டும். பிராசஸருக்கு மேலிருந்த விசிறிக்கடியில் பஞ்சு மெத்தை போலத் தூசி. சுத்தம் செய்தேன். ஆனாலும் இரண்டு நாளில் நீலத்திரை. நோட்டில் 'தூசி: காரணமில்லை' என்று எழுதினேன். அடுத்து, ரேம் துண்டுகளைக் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்து, துகளை ஊதிவிட்டு மாட்டினேன். நான்கு நாள் ஒன்றுமில்லை. வீட்டில் எல்லோரிடமும் பெருமையடித்தேன். ஐந்தாம் நாள் வந்துவிட்டது.

விண்டோஸிலேயே இருக்கும் ரேம் சோதனையை ஓட்டினேன். குறை இல்லை என்றது. அதோடு விட்டிருந்தால் இன்றுவரை சுற்றிக்கொண்டிருப்பேன். 'மெம்டெஸ்ட்86' என்ற இலவசச் சோதனையைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கி, இரவு முழுக்க ஓட விட்டேன். காலையில் திரையில் பிழை வரிகள். சரி, இரண்டில் எது? ஒரு துண்டை மட்டும் முதல் ஸ்லாட்டில் வைத்து ஓர் இரவு. அடுத்த துண்டை அதே ஸ்லாட்டில் வைத்து ஓர் இரவு. இதில் பிழை வந்தது. அந்தத் துண்டையே இரண்டாம் ஸ்லாட்டுக்கு மாற்றி மூன்றாம் இரவு. அங்கும் பிழை. நல்ல துண்டை இரண்டாம் ஸ்லாட்டில் வைத்து நான்காம் இரவு. பிழை இல்லை. பழுது ஸ்லாட்டில் இல்லை, துண்டில் என்பது அப்போதுதான் உறுதியானது. அதே டிடிஆர்4 வகையில் ஒன்று வாங்கி மாட்டினேன். வகை மாறினால் பள்ளம் பொருந்தாது, உள்ளேயே போகாது. ஐந்து மாதமாகிறது, சிவப்புக் குறி இல்லை.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். ரேம் பழுதாக இருந்த நாள்களில் மிச்சக் கோப்புகளைப் பென் டிரைவுக்கு நகல் எடுத்தேன். அவற்றில் இரண்டு பின்னர் திறக்கவே இல்லை. பழுதான ரேம் வழியாகப் போகும் தகவல் வழியிலேயே சிதையலாம். எதைச் செய்யும் முன்பும் நகல் எடுங்கள், எடுத்ததைப் பள்ளிக் கணினியில் திறந்தும் பாருங்கள்.

உங்கள் கணினியில் வேறு காரணமாக இருக்கலாம். நீலத்திரையே இல்லாமல், வேலை கூடும்போது விளக்கணைத்தாற்போல நின்றால் சூட்டையும் பவர் சப்ளையையும் பாருங்கள். அந்தப் பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் யாரும் திறக்க வேண்டாம். இணைப்பைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்னேற்றம் தங்கியிருக்கும். கோப்புகள் திறக்க மிகவும் தாமதமாகி, ஹார்டு டிஸ்க்கில் 'டிக் டிக்' என்று ஒலி வந்தால் சோதனையெல்லாம் பிறகு, நகல்தான் முதல் வேலை.

புதிய ரேம் மாட்டிய அன்று மகனைக் கூப்பிட்டு நோட்டைக் காட்டினேன். முகாம் வாரத்துப் பக்கத்தையும் காட்டி, "தப்பு என்மேலதான்டா" என்றேன். நிதானமாகப் புரட்டிப் பார்த்தான். "சரிப்பா, பாஸ்வேர்டு என்ன?" என்றான்.

தேநீர் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். உங்களில் யாராவது நீலத்திரையைப் படம் எடுத்து வைத்திருந்தால் கைப்பேசியோடு முன்வரிசைக்கு வாருங்கள், சேர்ந்து பார்க்கலாம்.