மேடையில் பறை, வகுப்பில் யார்?



கல்லூரி விழாக்களில் இன்று பறை முழங்குகிறது, கைதட்டுகிறோம். நல்லது. மறுநாள் வகுப்பில் அந்தக் கலைஞர் எங்கே?

நம் தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் தமிழ் கற்பித்த ஆ. சிவசுப்பிரமணியன் உழைக்கும் மக்களின் வழக்காறுகளைத் தேடித் தொகுத்தவர். உப்புக்கென்றே 'உப்பிட்டவரை' என்று ஒரு நூல் எழுதினார். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்குத் தனித் துறையே இருந்தது. ஆக, வழி புதிதல்ல.

ஆனால் பாத்தித் தண்ணீரைப் பார்த்தே பதம் சொல்கிற உப்பளத்துப் பெண் இன்னும் வெறும் 'தகவலாளி'தான். ஆய்வேட்டு முன்னுரையில் ஒரு நன்றி, அதுவும் பல நேரம் பெயரில்லாமல். பட்டம் ஆய்வாளருக்கு.

வடகிழக்குப் பருவமழையில் உப்பளம் முடங்கும். அவருக்கு வேலை இராது. அந்த மாதங்களில் அவரை வகுப்பெடுக்க அழைக்கும்படி நம் பல்கலைக்கழகங்களைக் கேட்போம். வருகைப் பேராசிரியருக்குத் தரும் அதே மதிப்பூதியத்தோடு.