விடியலில் ஊமையாகும் யந்திரங்கள்



சில ஆண்டுகளுக்கு முன், காரைக்கால் வட்டாரத்துப் போலகத்திற்கு அண்மையில், நோயாளிகள் தங்கும் ஒரு கட்டடத்தில் குளிர்சாதனங்கள் விந்தையான நோய்க்கு ஆளாயின. பங்குனி மாதப் புழுக்கம். விடியற்காலையில் 16 அறைகளிலும் அவை ஒருங்கே நின்றுவிடும்; நண்பகலில் மீண்டும் இயங்கும். பழுதுபார்ப்போர் இருமுறை வந்தனர். இருமுறையும் விலையுயர்ந்த மின்சுற்றுப் பலகையை மாற்றினர். யந்திரம் இயங்கியது. மறுநாள் விடியலில் பழைய கதைதான். மூன்றாம் முறையாக என்னை அழைத்தனர்.

இவை நம் வீட்டுச் சுவரில் காணும் தனித்தனிக் குளிர்சாதனங்கள் அல்ல. மொட்டைமாடியில் பெரிய வெளிக்கருவி ஒன்று நிற்கும். அதனின்று புறப்படும் செப்புக் குழாய்கள் கிளைத்து, அறைதோறும் உள்ள உட்கருவிகளை அடையும். ஜப்பான் நாட்டு டைக்கின் நிறுவனம் 1982-இல் இம்முறையை அறிமுகம் செய்தது. குளிரூட்டும் திரவத்தின் போக்கைத் திருப்பினால் இதே வகை யந்திரம் அறையைச் சூடாக்கவும் வல்லது. உதகையில் அது உதவும்; காரைக்காலில் அதனைக் கேட்பார் யார்?

எந்த அறைக்கு எவ்வளவு குளிர் வேண்டும் என்பதை வெளிக்கருவி எவ்வாறு அறிகிறது? அதற்கென இரண்டு மெல்லிய கம்பிகள் எல்லாக் கருவிகளையும் சங்கிலிபோல் கோத்துச் செல்கின்றன. ஒவ்வோர் உட்கருவிக்கும் ஓர் எண் உண்டு. தன் எண் அழைக்கப்படும்போது, 'என் அறை 28 பாகை. எனக்கு வேண்டுவது 24' என்ற பொருளில் அது விடையிறுக்கும். இத்தகைய இருகம்பிப் பேச்சுக்கு 1983-இல் ஆர்.எஸ்.485 என்னும் பொது விதி வகுக்கப்பட்டது. இரு கம்பிகளுக்கு இடையே உள்ள மின்னழுத்த வேறுபாடே அதில் எழுத்தாகிறது. சில நிறுவனங்கள் அவ்விதியைத் தழுவுகின்றன. சில தமக்கென வேறு முறை வைத்துள்ளன. எம்முறையாயினும், பேச்சு நின்றால் யந்திரம் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். பலகையில் ஒரு குறியெழுத்துத் தோன்றும். செய்தி வரவில்லை என்று மட்டுமே அது கூறும். எவ்விடத்தில் அறுந்தது என்று கூறாது.

பேச்சு நிற்பதற்குக் காரணங்கள் பல. முனையில் திருகாணி தளர்ந்திருக்கலாம். இரு கருவிகளுக்கு ஒரே எண் கொடுத்திருக்கலாம். மின்வழங்கு கம்பியை ஒட்டியே செய்திக் கம்பியையும் இழுத்திருக்கலாம். ஓர் அறையில் யாரோ சுவிட்சை அணைத்திருப்பதும் உண்டு! இதை முதலில் பார்க்காமல் ஏணியில் ஏறியவர்கள் பலர், நானும் ஏறியிருக்கிறேன்.

காவிரியின் கடைமடையில் வாழும் நமக்கு ஒரு வழக்கம் தெரியும். வாய்க்காலில் தலைமடையில் கோளாறு நேர்ந்தால் கடைமடை வாடும். கடைமடைக் கோளாறு தலைமடையைத் தொடாது. செய்திக் கம்பி அவ்வாறன்று. எங்கோ ஓரிடத்தில் இரு கம்பிகளும் ஒன்றையொன்று தொட்டால், தலை முதல் கடை வரை அனைத்தும் ஊமையாகும். ஆகவே அறை அறையாகத் தேடிப் பயனில்லை. கம்பியைப் பாதி பாதியாகப் பிரித்தே தேடவேண்டும்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கே சென்றேன். நோய் இருக்கும்போதுதானே நாடி பார்க்க வேண்டும்? மின்சாரத்தை நிறுத்தி, எட்டாம் கருவிக்கு அப்பால் செய்திக் கம்பியைக் கழற்றி, மீண்டும் மின்சாரம் கொடுத்தேன். முதல் எட்டும் பேசின. அதனை இணைத்து, பன்னிரண்டுக்கு அப்பால் கழற்றினேன்: மௌனம். பத்துக்கு அப்பால்: மௌனம். ஒன்பதுக்கு அப்பால் கழற்றியதும் ஒன்பதும் பேசின. ஆகவே, குறை ஒன்பதாம் கருவிக்கும் பத்தாம் கருவிக்கும் இடையில். 16 கருவிகளுக்கு நான்கு சோதனைகள் போதுமானவையாயின.

அவ்விடத்தில் கம்பி கடலை நோக்கிய தாழ்வாரத்தின் வழியே சென்றது. சுவரில் மூடி உடைந்த ஒரு சிறு பெட்டி. அதனுள் எப்போதோ எவரோ முறுக்கி, டேப் சுற்றிய இணைப்பு. டேப் பிரிந்து, செம்பு பச்சை பூத்திருந்தது. இரு கம்பிகளுக்கும் நடுவே உப்புப் படலம்.

காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைக் கடந்தால், சோற்றுப்பு காற்றிலுள்ள நீரை ஈர்த்துத் தானே கரையும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவது இதனாலேயே. உலர்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது; உப்புக் கரைசல் நன்கு கடத்தும். விடியலில் அந்தப் படலம் நனைந்து இரு கம்பிகளையும் இணைத்தது. வெயில் ஏறிப் பெட்டி சூடானதும் உலர்ந்து விலகியது. பழுதுபார்ப்போர் வந்ததோ பகல் பதினொரு மணிக்கு. பலகையை மாற்றி முடிப்பதற்குள் உப்பு உலர்ந்துவிட்டது. புகழ் புதிய பலகைக்குச் சென்றது.

இணைப்பே இல்லாதபடி ஒன்பதிலிருந்து பத்துக்கு ஒரே துண்டாகப் புதிய கம்பி இழுத்தோம். முன்னர்க் கழற்றி வைத்திருந்த இரு பலகைகளையும் பின்னர்ச் சோதித்தேன். இரண்டிலும் ஒரு குறையும் இல்லை.